வாக்கில்லாதவர்கள் காத்த எல்லை

1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்களில் பெருந்தொகையானவை வவுனியாவில் வந்து இறங்கின. வடக்கு நோக்கிய இந்த நகர்வு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. 1970களின் முற்பகுதியில் தோட்டங்களைப் பட்டினி வாட்டியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்குப் போனபோது பல இடங்களில் தொழிலாளர் லயங்களை விட்டு விரட்டப்பட்டனர். அப்போதே வன்னிக்கு வந்து காடு வெட்டி இருந்துவிட்ட சொந்தக்காரரைத் தேடி, 1977இல் மற்றவர்களும் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காட்டோரத்தில் இடம் காட்டி, கொட்டில் போடவும் கிணறு வெட்டவும் கைகொடுத்த அமைப்புகளுள் முதன்மையானது காந்தியம்.

அதை நடத்திய இருவருள் ஒருவர் எஸ்.ஏ. டேவிட். தீவகத்துக் கரம்பனில் பிறந்தவர், கட்டடக் கலைஞர். ஆஸ்திரேலியாவில் நகரத் திட்டமிடல் படித்து, கென்யாவில் அந்தத் துறையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார். மற்றவர் மருத்துவர் இராஜசுந்தரம், வவுனியாவில் தங்கியிருந்து வேலை செய்தவர். இருவரும் கிராமங்களில் முன்பள்ளிகள் அமைத்தார்கள், அவற்றை நடத்த இளம் பெண்களைப் பயிற்றினார்கள், மாதிரிப் பண்ணைகளை உருவாக்கினார்கள். வவுனியா தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்கள் வரை அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலர் தொண்டர்களாக அங்கே போய் வந்தார்கள். அவர்களின் பேச்சில் அடிக்கடி வந்த சொல் ‘எல்லைக் கிராமம்’. அகதிக்கு நிழல் கொடுப்பது ஒரு நோக்கம். சிங்களக் குடியேற்றம் நகர்ந்து வந்துகொண்டிருந்த விளிம்பில் தமிழ்க் குடும்பங்களை நிறுத்தி நிலத்தைக் காப்பது இன்னொரு நோக்கம். இரண்டையும் அவர்கள் ஒளிக்கவில்லை.

அந்த இரண்டாம் நோக்கத்தைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன். ஆட்கள் இடம்பெயர்ந்து ஓரிடத்தில் திரள்வதன் மூலம் அரசியலை மாற்றலாம் என்ற எண்ணம் உலகில் பல இடங்களில் தோன்றியிருக்கிறது. அது எங்கே பலித்தது, எங்கே ஏன் பலிக்கவில்லை என்று கேட்டால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடந்த அரை நூற்றாண்டைப் பற்றிச் சில சங்கடமான உண்மைகள் வெளிவருகின்றன.

இந்த எண்ணத்தின் மிகத் துலக்கமான அண்மைக்கால வடிவம் அமெரிக்காவில் உள்ளது. அரசாங்கத்தின் அதிகாரத்தை ஆகக் குறைந்த அளவுக்குச் சுருக்க வேண்டும் என்பவர்களை அங்கே லிபர்ட்டேரியன்கள் என்கிறார்கள். நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும்வரை எந்தத் தேர்தலிலும் தங்களால் வெல்ல முடியாது என்று கண்ட அவர்களுக்கு, யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஜேசன் சோரன்ஸ் 2001இல் ஒரு வழி சொன்னார். இருபதாயிரம் பேர் கையொப்பமிட்டு, மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலத்தில் போய்க் குடியேறுவது என்பதே அந்த வழி. 2003இல் வாக்கெடுத்து நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தார்கள். இருபதாயிரமாவது கையொப்பம் 2016 பெப்ரவரியில் கிடைத்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்குள் இடம்பெயர வேண்டும் என்பது உறுதிமொழி. வந்து சேர்ந்தவர்கள் கையொப்பமிட்டவர்களில் ஒரு பகுதியே. ஆனாலும் அவர்களுள் பலர் மாநிலச் சட்டசபைக்குள் நுழைந்துவிட்டார்கள். ஏறத்தாழ பதினான்கு லட்சம் பேர் வாழும் அந்த மாநிலத்தின் கீழ்ச்சபையில் 400 உறுப்பினர்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஓர் உறுப்பினர் என்ற கணக்கில், கதவு கதவாகப் போய்த் தட்டினாலே வெல்லக்கூடிய தொகுதிகள் அவை. இடத்தைத் தேர்ந்தவர்கள் இதையெல்லாம் கணக்குப் பார்த்தே தேர்ந்தார்கள்.

அந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்த மாநிலத்தில் குரொய்டன் என்ற சிற்றூர். 2022 மார்ச்சில் நடந்த ஊர்க்கூட்டத்துக்கு வந்தவர்கள் சிலரே. குடியேறிய லிபர்ட்டேரியன் ஒருவர் பள்ளிக்கூட வரவு செலவுத் திட்டத்தைப் பாதிக்கும் கீழே வெட்டும் திருத்தத்தை முன்வைத்தார். 20க்கு 14 என்ற வாக்கில் அது நிறைவேறியது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் திகைத்துப்போனார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து, மே மாதம் சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். வெட்டிய தொகையை மீட்கும் தீர்மானம் 377க்கு 2 என்ற வாக்கில் வென்றது. திரண்டு வந்த சிறு குழு தூங்கிக் கிடக்கும் ஊரை ஒருநாள் வெல்லலாம். ஊர் விழித்துக்கொண்டால் அந்த வெற்றி நிற்காது.

இதைவிடக் கசப்பான உதாரணமும் உண்டு. இந்தியச் சாமியார் ரஜனீஷின் சீடர்கள் 1981இல் ஒரிகன் மாநிலத்தில் பெரும் பண்ணை ஒன்றை வாங்கிக் குடியேறினார்கள். ஐம்பது பேர்கூட இல்லாத அண்டெலோப் என்ற பக்கத்து ஊரின் சபையைத் தேர்தலில் பிடித்தார்கள். அடுத்த குறி மாவட்ட நிர்வாகம். 1984 தேர்தலுக்கு முன் நாட்டின் நகரங்களிலிருந்து வீடற்ற ஏழைகளை ஆயிரக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றிவந்து வாக்காளராகப் பதிய முயன்றார்கள். நிர்வாகம் பதிவை நிறுத்தியது. உள்ளூர் வாக்காளர்களை நோயில் தள்ளும் நோக்கில் உணவகங்களில் கிருமி கலக்கப்பட்டது, 751 பேர் நோயுற்றார்கள். அடுத்த ஆண்டே அந்தக் குடியிருப்பு சிதைந்தது. தாங்களே இடம்பெயர்வது ஒன்று. தங்கள் அரசியலுக்காக இன்னொருவரைக் கொண்டுபோய் நிறுத்துவது வேறொன்று. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காந்தியம் தன் பெயரை எடுத்துக்கொண்ட மனிதரிடமும் இதற்கொரு முன்மாதிரி உண்டு. 1910இல் ஜொகான்னஸ்பேர்க்குக்கு அருகே காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், சிறைக்குப் போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்தன. அங்கிருந்தவர்களில் தமிழர் கணிசமானவர்கள். அவர்களில் எவருக்கும் வாக்கு இல்லை. தேர்தலில் வெல்வதற்காக அந்தப் பண்ணை அமைக்கப்படவில்லை. சிறைக்குப் போனவன் பின்னால் விட்டுப்போகும் மனைவி மக்களுக்குச் சோறும் கூரையும் கிடைத்தால், போராட்டம் நீண்டகாலம் நிற்கும் என்பதே அதன் அடிப்படை. 1913இல் சட்டத்தை மீறி எல்லையைக் கடந்து சிறை சென்ற பெண்களுள் இந்தப் பண்ணைத் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். திரள்வதற்கு இப்படி ஒரு பயனும் உண்டு. 1927 நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது அவரைக் கேட்கத் திரண்ட தலைமுறை இதையெல்லாம் அறிந்திருந்தது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். இலங்கையில் குடியேற்றத்தை அரசியலாக்கியது காந்தியம் அல்ல. அரசுதான் அதை முதலில் செய்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், பிறகு கந்தளாய், அல்லை, பதவியா என்று உலர்வலயத்தில் குளம் கட்டி, தெற்கிலிருந்து சிங்கள விவசாயிகளைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். நிலமற்றவனுக்கு நிலம் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் வாக்காளர் இடாப்பில் அதன் விளைவு தெளிவாகத் தெரிந்தது. 1921 குடிசன மதிப்பில் திருகோணமலை மாவட்டத்தின் சிங்களவர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, 1981இல் மூன்றில் ஒரு பங்கு. இடையில் 1976 எல்லை நிர்ணயத்தில் சேருவில என்ற புதிய தேர்தல் தொகுதி பிறந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது.

தமிழ்த் தலைமைக்கு இதன் கனம் தெரிந்தே இருந்தது. 1957 பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் குடியேற்றக்காரரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்குக் கொடுத்தது. 1965 டட்லி-செல்வா ஒப்பந்தம் வடக்கு கிழக்குக் காணிகளில் முதலிடம் அந்தந்த மாவட்டத்து நிலமற்றவர்களுக்கு, இரண்டாமிடம் அந்த மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோருக்கு, அதன்பின் மற்றவர்களுக்கு, அவர்களிலும் தீவின் பிற பகுதித் தமிழருக்கு முன்னுரிமை என்று வரிசை வகுத்தது. இரண்டு ஒப்பந்தங்களும் காற்றில் போயின.

யாழ்ப்பாணத்தார் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. குடாநாட்டில் காணியைப் பரப்பில்தான் எண்ணுவார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். செம்மண்ணில் ஐந்தாறு பரப்பை வைத்துக்கொண்டு புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் போட்டு, கிணற்றிலிருந்து இறைத்து, ஒரு சாண் மண்ணையும் வீணாக்காமல் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எத்தனை! அந்த நெருக்கம் தாங்காமல் 1930களில் இரணைமடுக் குளத்தின் கீழும், 1950களில் வட்டக்கச்சி, இராமநாதபுரம் போன்ற திட்டங்களிலும் போய்க் குடியேறியவர்களின் உழைப்பில்தான் கிளிநொச்சி வளர்ந்தது. 1965க்குப் பின் டட்லி சேனநாயக்க அரசின் காலத்தில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் ‘படித்த வாலிபர் திட்டம்’ வந்தது. எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருந்த பொடியள் மண்வெட்டியைத் தூக்கினார்கள். 1970இல் வந்த சிறிமாவோ அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைத் தடுத்ததும் அவர்களின் கையில் காசு புரண்டது.

ஆனால் அந்த வேகம் அதோடு நின்றுவிட்டது. 1971இல் தொடங்கிய தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வெங்காய விலையை வீழ்த்தியது. படித்த யாழ்ப்பாணத்தான் தென்கிழக்கே மணலாற்றுக் காட்டைப் பார்க்கவில்லை. மேற்கே இலண்டனைப் பார்த்தான், பிறகு 1983க்குப் பின் ரொறன்ரோவையும் பாரிசையும் பார்த்தான். உயிருக்கு அஞ்சி ஓடியவர்களை நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி 1983க்கு முந்திய ஆண்டுகளைப் பற்றியது. 1976 மே 14இல் பண்ணாகத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. தனிநாடு என்ற அந்த வரைபடத்தில் வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் கழுத்து முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையிலான காட்டுப் பகுதி. அங்கே போய் வாழ, வாக்குரிமையும் படிப்பும் கையில் கொஞ்சம் காசும் உள்ள எத்தனை யாழ்ப்பாணக் குடும்பங்கள் முன்வந்தன? தொண்டர்கள் போனார்கள், திரும்பி வந்தார்கள். நிரந்தரமாக இருக்கப் போனது மலையகத்துக் குடும்பங்கள்தான்.

அவர்களுக்கோ வாக்கில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த மக்களை இடாப்பிலிருந்து நீக்கின. 1952இல் அவர்களின் ஆசனம் பூச்சியம். ஜீ.ஜீ. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். பிறகு மந்திரிசபையில் சேர்ந்துகொண்டு 1949 சட்டங்களுக்குத் துணைநின்றார். இதைப் பொறுக்காமல் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஒரே கொட்டிலுக்குள் தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகனுக்கு இலங்கை விண்ணப்பம், மருமகளுக்கு எதுவுமில்லை என்று குடும்பங்கள் பிளவுபட்டன.

அப்படி ஒரு குடும்பம் வவுனியாக் காட்டோரத்தில் எப்படித் தொடங்கியிருக்கும்? தேயிலைக் கொழுந்து பறித்த கைகளும் குளிர்ந்த மலைக் காற்றுக்குப் பழகிய உடம்பும் வன்னி வெயிலுக்கு வருகின்றன. பற்றை வெட்டி, காயவிட்டு, எரித்து, முதல் மாரி மழைக்குக் குரக்கனும் சோளமும் உழுந்தும் தூவ வேண்டும். காட்டுத்தடி நட்டுக் கொட்டில் போட வேண்டும். இரவில் யானைக்குக் காவல், பகலில் பன்றிக்குக் காவல், நடுவில் மலேரியாக் காய்ச்சல். கிணறு வெட்டினால் பாறை முட்டும் இடங்கள் அதிகம். இத்தனையும் செய்து முடித்தாலும் காணிக் கச்சேரிக்குப் போய் நிற்க முடியாது. பேர்மிற் கேட்டால் முதலில் குடியுரிமையைக் கேட்பார்கள். ஆகவே அரசின் ஏட்டில் அவர்கள் ‘அத்துமீறிக் குடியேறியோர்’. அதே காட்டின் மறுபுறத்தில் அரசு கொண்டுவந்து இருத்தியவர்கள் ‘குடியேற்றவாசிகள்’. ஒருவருக்குப் பின்னால் வாய்க்காலும் பள்ளிக்கூடமும் வாக்குச்சாவடியும் வந்தன. மற்றவருக்குப் பின்னால் பொலிசு வந்தது.

நியூ ஹாம்ப்ஷயருக்குக் குடிபெயர்ந்தவர் தேர்தல் நாளன்றே போய்ப் பெயர் பதிந்து வாக்களிக்கலாம். அவரது அரசியல் அவர் காலோடு சேர்ந்தே நகர்கிறது. இலங்கையில் வாக்கு நகரக்கூடியவர்கள் நகரவில்லை, நகர்ந்தவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. எல்லையைக் காக்கும் கடமையை நாட்டில் ஆகப் பலவீனமானவர்களின் தோளில் ஏற்றினோம். யாழ்ப்பாணத்தில் ‘தோட்டக்காட்டான்’ என்று அவர்களைப் பழித்த வாய்களும் அப்போது ஓயவில்லை. கிளிநொச்சி வயல்களில் அவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்திருந்த நிலவுடைமையாளர்களும் இருந்தார்கள். டேவிட்டும் இராஜசுந்தரமும் இந்த இழிவிலிருந்து விலகி நின்றவர்கள். அந்த மக்களோடு மக்களாக இருந்து வேலை செய்தவர்கள். அவர்கள் மீதான என் மதிப்பு குறையாது. அந்த மதிப்பு இருப்பதனாலேயே திட்டத்தின் ஓட்டையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓட்டை இன்னொன்றும் இருந்தது. காந்தியத்தின் தொண்டர்கள் சிலர் ஆயுத இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள், குறிப்பாகப் புளொட்டோடு. அமைப்பாளர்களுள் ஒருவரான சந்ததியார் அந்த இயக்கத்தின் முன்னணி ஆள். 1985இல் சொந்த இயக்கத்தாலேயே கொல்லப்பட்டார். தொண்டு நிறுவனத்தின் கூரைக்குக் கீழ் ஆயுத அரசியல் வந்து தங்கியபோது அதற்கான விலையைக் கொட்டில்களில் இருந்தவர்களும் கொடுக்க வேண்டியதாயிற்று. 1983 ஏப்ரலில் இராஜசுந்தரமும் டேவிட்டும் கைதாகி, பனாகொடை முகாமில் வதைக்கப்பட்டு, வெலிக்கடைச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தச் சிறையில் ஜூலை 25இல் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 27இல் மேலும் 18 பேர், அவர்களில் ஒருவர் இராஜசுந்தரம். தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 23 சிறையுடைப்பில் வெளியேறி இந்தியா போனார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் இருந்துவிட்டு 2015இல் திரும்பி, அந்த ஆண்டு ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

குடியேறியவர்களின் கதையை எவரும் இத்தனை விவரமாக எழுதி வைக்கவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்பகுதியில் கென்ட், டொலர் என்ற பெயர்களில் இரண்டு பண்ணைகள் இருந்தன. மலையகத்து அகதிக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்துவந்தன. 1984இல் படையினர் அவர்களை வெளியேற்றினார்கள். அந்த நிலத்தில் சிங்களக் கைதிகளை, குடும்பங்களோடும் சேர்த்து, திறந்த சிறைச்சாலை என்ற பெயரில் அரசு கொண்டுவந்து இருத்தியது. நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் இரண்டு பண்ணைகளையும் தாக்கி அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு வரையான தமிழ்க் கரையோரக் கிராமங்களைப் படையினர் காலிசெய்தார்கள். பின்னர் மணலாறு என்ற இந்தப் பகுதி வெலிஓயா ஆனது. அரசு ஓர் ஏழையை எடுத்துவிட்டு இன்னோர் ஏழையை அதே இடத்தில் காவலுக்கு நிறுத்தியது. பழி தீர்க்க வந்தவர்களின் துப்பாக்கியும் அந்த ஏழையை நோக்கித்தான் நீண்டது. மலையகத் தமிழனை எல்லையில் நிறுத்தியதையும் சிங்களக் கைதியை அங்கே நிறுத்தியதையும் நான் சமப்படுத்தவில்லை. ஒருவர் அடைக்கலம் தேடி வந்தவர், மற்றவரை அரசு தன் படைபலத்தோடு கொண்டுவந்தது. ஆயினும் இரு தரப்பின் அரசியலிலும் முன்வரிசையில் நின்றவர்கள் சாப்பாட்டுக்கு வழியற்றவர்கள்.

குடாநாட்டுக்குள் திரளுதல் என்ற எண்ணம் 1990இல் ஆகக் கொடிய வடிவம் எடுத்தது. அந்த ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் புத்தளத்து முகாம்களில் பிள்ளைகளை வளர்த்தார்கள். திரளும்போது நம்மவர் யார், மற்றவர் யார் என்று பிரிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதைக் காட்டும் நாள் அது. அதைப் பற்றிப் பேசாமல் நிலவுரிமை பேசும் யாழ்ப்பாணத்து எழுத்துகளை என்னால் ஏற்க முடிவதில்லை.

திரள்வதற்குப் பதில் கலைந்தால் என்ன ஆகும் என்பதையும் குடாநாடு அனுபவித்துவிட்டது. 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள்தொகை, பின்னாளில் தனி மாவட்டமான கிளிநொச்சியையும் சேர்த்து, எட்டு லட்சத்து முப்பதாயிரம். கிளிநொச்சி நீங்கலாகவே ஏழு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். 2012இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எண்ணப்பட்டவர்கள் ஐந்து லட்சத்து எண்பத்துமூவாயிரம் பேர் மட்டுமே. 1995 ஒக்டோபர் 30 இரவில் வலிகாமமே எழுந்து நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்த எண்கள் வியப்பளிக்காது.

நாடாளுமன்றத்தின் 196 மாவட்ட ஆசனங்களில் 36 மாகாணத்துக்கு நான்காக ஒதுக்கப்படுகின்றன. மீதி 160 பதிவுபெற்ற வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. வெளிநாடு போன பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் பல காலம் இடாப்பிலிருந்து எடுக்கவிடவில்லை. 2010இல் ஏழு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் பதிவு, ஒன்பது ஆசனம். இடாப்பைத் திருத்திய பிறகு 2015இல் பதிவு ஐந்து லட்சத்து முப்பதாயிரத்துக்குள் சுருங்கியது, ஆசனம் ஏழு. 2024இல் ஆறு. அந்த ஆறில் மூன்றைத் தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி வென்றது. தமிழ்க் கட்சிகளின் பிளவை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அதுவும் உண்டு. அதற்கு முன்பே மூன்று ஆசனம் விமானம் ஏறிப் போய்விட்டதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

அந்த ஆறு ஆசனங்களுக்குள் கிளிநொச்சித் தொகுதியின் ஏறத்தாழ ஒரு லட்சம் வாக்காளரும் அடக்கம். அவர்களுள் கணிசமானோர் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் வாழும் மலையக வம்சாவளியினர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கின. குடிசன மதிப்பில் அவர்கள் பெரும்பாலும் ‘இலங்கைத் தமிழர்’ என்றே பதிவாகிறார்கள். வாக்கில்லாமல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்களின் பிள்ளைகளை இயக்கங்கள் எடுத்தன, 2009இல் முள்ளிவாய்க்கால் வரை அவர்களும் நடந்தார்கள்.

வாக்கு வந்துவிட்டது, காணி வரவில்லை. வன்னியில் காணி பெரும்பாலும் பேர்மிற் காணி. அரசு ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது, சட்டப்படி தான் நினைத்தபடி விற்க முடியாதது. பேர்மிற் வைத்திருந்தவர் வெளிநாட்டில் இருக்கிறார் அல்லது யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். வயலைச் செய்தவரும் வளவைக் காத்தவரும் வாய்மொழி இணக்கத்தில் இருந்துவந்தார்கள். போர் முடிந்து காணியின் விலை ஏறியதும் அந்த இணக்கம் கேள்விக்குள்ளாகிறது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டம், 1983 மே முதல் 2009 மே 18 வரை இயக்கங்களின் செயலால் தன் நிலத்துக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக, வேறொருவர் அங்கே இருந்த காலத்தை உரிமையாகக் கணக்கிடக்கூடாது என்கிறது. விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பத்துக்கு அது நியாயமான காவல், வேண்டிய சட்டம். ஆனால் இல்லாத உரிமையாளரின் உறுதிக்காணியை இருபது ஆண்டுகள் வியர்வை சிந்தி வளமாக்கிய நிலமற்றவனுக்கு அந்தச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. இரண்டு நியாயங்களையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவர மாற்றுக்காணியோ இழப்பீடோ வேண்டும். அதைச் சட்டமியற்றியவர்கள் செய்யவில்லை, வடக்கின் பிரதிநிதிகளும் உரக்கக் கேட்கவில்லை.

1987இன் 13ஆம் திருத்தம் காணியை மாகாண விடயமாக எழுதியது. அதைச் செயற்படுத்தத் தேசியக் காணி ஆணைக்குழு அமைக்கப்பட வேண்டும். அது இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2013 செப்டம்பர் 21இல் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. அதற்கு ஐந்து நாள் கழித்து, அரச காணி மீதான அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பின் தேர்தல் இல்லை. அதிகாரம் கைக்கு வரும்வரை எதுவும் செய்ய முடியாது என்று இதைக் காட்டிச் சிலர் சொல்வார்கள். அது உண்மையில்லை. பிரதேச செயலகங்களில் யாருக்குப் பேர்மிற் புதுப்பிக்கப்படுகிறது, யாருடைய விண்ணப்பம் கோப்புக்குள் உறங்குகிறது என்று கேட்க மாகாண சபை தேவையில்லை. கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருக்கும் உறுதிக்காணிக்காரர், தம் வயலைச் செய்யும் குடும்பத்துக்கு ஒரு பகுதியை உறுதி முடித்துக் கொடுக்கப் பதின்மூன்றாம் திருத்தம் தேவையில்லை. ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் காசு சேர்க்கின்றன. வன்னியில் காணியற்ற ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வாங்கிக் கொடுக்கவும் அதே சங்கங்களால் முடியும். கட்சிகள் வேட்பாளர் பட்டியல் தயாரிக்கும்போது கிளிநொச்சியின் மலையக வம்சாவளிப் பெண் ஒருவரைப் பெயருக்காக அல்லாமல் வெல்வதற்காகவே நிறுத்தி, அவருக்கு விருப்பு வாக்குக் கேட்க எந்த நீதிமன்றமும் தடைசொல்லவில்லை.